திரட்டுவது வேறு, தொகுப்பது வேறு: இணையத் தொகுப்புக் கருவிகளும் வாசகர் வட்டமும்

ஒரு ஜனவரி மாதம் பக்கத்து வீட்டு அக்கா போனை நீட்டி, "தம்பி, இது இந்த வருஷத்துதானா, கொஞ்சம் பாருங்க" என்றார். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு பற்றிய செய்தி அது. அவருடைய மகள் அப்போது அரசுப் பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மூன்று சேனல்களில் அதே செய்தி வந்திருந்தது. எதிலும் ஆண்டு இல்லை, அரசு அறிவிப்புக்கான சுட்டியும் இல்லை. மூன்றிலும் மூன்று கடைசித் தேதி. இருப்பதிலேயே பிந்தைய தேதியை நம்பி அக்கா ஒரு வாரம் காத்திருந்திருக்கிறார். விசாரித்தபோது விண்ணப்பம் முந்தின நாளோடு முடிந்திருந்தது.

அந்த மூன்று சேனல்களையும் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள். மூன்றும் "பயனுள்ள தகவல்களைத் தொகுத்துத் தருகிறோம்" என்று முகப்பில் எழுதி வைத்திருக்கின்றன. கன்டென்ட் க்யூரேஷன் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதை, அதாவது பிறர் எழுதியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துத் தருவதை, பலர் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்: ஒரு கருவியை இணைத்துவிட்டால் அது எங்கிருந்தோ எடுத்து எங்கேயோ போடும், ஆள் தானாகச் சேரும். எண்ணிக்கை ஏறலாம்தான். ஆனால் தேவையான நேரத்தில் நம்பி வரும் வாசகர் அதில் உருவாவதில்லை. அது எப்படி உருவாகிறது, கருவிகளின் பங்கு அதில் எவ்வளவு என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அடியிலிருந்து சொல்கிறேன்.

## கோயம்பேடும் தெருக் காய்காரம்மாவும்

கோயம்பேடு சந்தையில் விடியும் முன்பே லாரி லாரியாகக் காய்கறி வந்து இறங்குகிறது. நல்லதும் வரும், சொத்தையும் வரும். எதையும் யாரும் உங்களுக்காகப் பொறுக்கி வைப்பதில்லை. இது திரட்டுதல்.

உங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் காய்காரம்மா அதே சந்தைக்குத்தான் போகிறார். அவர் கொண்டுவருவது ஒரு கூடை. சந்தையில் ஐம்பது வகை கிடந்தாலும் பன்னிரண்டைத்தான் எடுத்திருப்பார். வாசலில் நின்று, "அண்ணனுக்குச் சுகர்னு சொன்னீங்களே, இன்னிக்குப் பாவக்கா பிஞ்சா இருக்கு; கத்திரிக்கா வேணாம், உள்ள புழு" என்பார். நாளைக்கும் இதே நேரம் வருவார். இது தொகுத்தல்.

அவர் செய்ததைப் பிரித்துப் பார்த்தால் நாலு வேலை தெரியும். நிறையப் பார்த்தார், அதிலிருந்து சிலவற்றை எடுத்தார், ஏன் எடுத்தேன் என்று சொன்னார், தவறாமல் வந்தார். இணையத்தில் தேர்ந்து தொகுப்பதும் இதே நாலு வேலைதான். கருவிகள் முதல் வேலையை மிக நன்றாகச் செய்யும், நான்காவதில் கைகொடுக்கும். நடுவில் உள்ள இரண்டும் மனிதருடையவை. வாசகர் வருவது அந்த இரண்டுக்காக. "கத்திரிக்கா வேணாம்" என்று சொன்ன வாய்க்காகத்தான் நாம் அடுத்த நாளும் கதவைத் திறக்கிறோம்.

தமிழ் இணையத்துக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. வலைப்பதிவுக் காலத்தை அறிந்தவர்களுக்கு 2004இல் தொடங்கிய தமிழ்மணம் நினைவிருக்கும். அதைத் 'திரட்டி' என்றே அழைத்தோம், சரியான சொல்தான். யார் புதுப்பதிவு போட்டாலும் முகப்பில் வந்து நிற்கும். அதே தமிழ்மணத்தில் வாரம் ஒருவரை 'நட்சத்திரப் பதிவர்' என்று தேர்ந்து முன்னால் வைப்பார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் பட்டியல் திரட்டல், அந்த ஒரு நட்சத்திர இடம் தொகுப்பு. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: அல்காரிதம். நீங்கள் எதில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எதைத் தட்டினீர்கள் என்று கணக்கு வைத்து, அடுத்து எதைக் காட்டலாம் என்று முடிவு செய்யும் நிரல். அதுவும் பொறுக்கித்தான் எடுக்கிறது. ஆனால் ஏன் எடுத்தேன் என்று உங்களிடம் சொல்லாது. தவறாகக் காட்டினால் வந்து மன்னிப்புக் கேட்காது. காய்காரம்மாவிடம் சொத்தைக் காயைத் திருப்பிக் கொடுக்கலாம், அவர் முகம் வாடும். அந்தப் பொறுப்புத்தான் தொகுப்பவரின் முதலீடு.

## பழைய தொழில்

நம் மொழியின் மிகப் பழைய இலக்கியம் நமக்குக் கிடைத்ததே தொகுப்பாகத்தான். பல நூற்றாண்டுகளில் பல புலவர்கள் பாடிய தனிப்பாடல்களைப் பிற்காலத்தில் யாரோ சேர்த்தார்கள். அதைக் குவியலாக விட்டுவிடாமல் ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். அகப்பாடல்களில் பொதுவாக 4 முதல் 8 அடி வரை உள்ளவை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று மரபு சொல்கிறது. சில நூல்களுக்குத் தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் ஒருவர் என்று இரண்டு பேரையுமே குறித்து வைத்தார்கள். பாடியவருக்கு மட்டுமல்ல, பொறுக்கியவருக்கும் பொறுக்கச் சொன்னவருக்கும் இடம் உண்டு என்று அன்றைக்கே எண்ணியிருக்கிறார்கள்.

இந்த வரம்புதான் தொடங்குபவர்கள் முதலில் தவறவிடுவது. "பயனுள்ள தகவல்கள்" என்பது வரம்பல்ல. "அரசுப் பள்ளி மாணவர்களுக்கான உதவித்தொகை, எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை" என்பது வரம்பு. இது இங்கே வரும், அது வராது என்று வாசகர் முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும்.

இணையத்தில் இதை எளிமையாகச் செய்துகாட்டியவர் டெனிஸ் டட்டன். நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். 1998இல் ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் டெய்லி என்ற பக்கத்தைத் தொடங்கினார். மூன்று பத்திகள்: கட்டுரைகள், புத்தக மதிப்புரைகள், கருத்துரைகள். ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒரு புதிய சுட்டி, அதோடு அந்தக் கட்டுரையைப் படிக்கத் தூண்டும் இரண்டு மூன்று வரி. அவ்வளவுதான். 2010இல் அவர் மறைந்த பிறகும் பக்கம் அதே வடிவில் தொடர்ந்தது. கருவி என்று அங்கே பெரிதாக எதுவும் இல்லை. எந்தக் கட்டுரையை எடுப்பது என்ற கண்ணும், அந்த இரண்டு வரியும்தான் முதலீடு.

மரியா பாப்போவா 2006இல் ஏழு பேருக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார். தான் படித்தவற்றில் மனதைத் தொட்டவை, ஏன் தொட்டன என்ற குறிப்போடு. அது வளர்ந்து இன்று தி மார்ஜினேலியன் என்ற பெயரில் இருக்கிறது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் நிரந்தர இணையக் காப்பகத்தில் அதைச் சேர்த்துக்கொண்டது. ஏழு பேர் என்ற எண்ணைக் கவனியுங்கள். புதிதாகத் தொடங்குபவர் யாருக்கும் அது எட்டாத எண்ணல்ல.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுவது திரட்டல். ஒரு வரம்புக்குள் சிலவற்றை எடுத்து, காரணம் சொல்லி, தவறாமல் தருவது தொகுப்பு. கருவிகள் திரட்டலில் கெட்டிக்காரர்கள்.

## கருவி உள்ளே என்ன செய்கிறது

சரி, அந்தக் கெட்டிக்காரத்தனம் எப்படி நடக்கிறது? பெரும்பாலான தொகுப்புக் கருவிகளின் அடியில் இருப்பது செய்தியோடை என்ற பழைய, எளிய ஏற்பாடு. ஆர்.எஸ்.எஸ். என்று ஆங்கிலச் சுருக்கத்தில் சொல்வார்கள். நம் ஊரில் அந்த எழுத்துகளுக்கு வேறு பொருளும் இருப்பதால் இங்கே செய்தியோடை என்றே சொல்கிறேன்.

ஒரு பள்ளி வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஏதாவது நடந்தால் தலைப்பு, தேதி, இரண்டு வரிச் சுருக்கம், "முழு விவரம் இந்த அறையில்" என்ற குறிப்பு நான்கையும் பலகையில் எழுதுவார்கள். நீங்கள் ஒரு பையனை ஏற்பாடு செய்கிறீர்கள். அவன் ஊரில் உள்ள நாற்பது பள்ளிகளின் பலகைகளை மணிக்கொரு முறை சுற்றிப் பார்த்து, போன முறை இல்லாத வரி ஏதாவது இருந்தால் மட்டும் குறித்துக்கொண்டு வருகிறான். நீங்கள் நாற்பது இடத்துக்கும் அலைய வேண்டியதில்லை.

பலகைதான் செய்தியோடை. ஒவ்வொரு தளமும் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, தேதி, சுருக்கம், சுட்டி ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தப் பையன்தான் ஓடைப் படிப்பான் என்ற மென்பொருள். ஃபீட்லி, இனோரீடர் போன்றவை இந்த வகை. ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் உண்டு, அதை வைத்து எது பழையது எது புதிது என்று பிரித்துவிடும். வேர்ட்பிரஸ், பிளாக்கர் தளங்களில் இந்த ஓடை தானாகவே உருவாகிறது. யூடியூப் சேனல்களுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அங்கே அல்காரிதம் காட்டாமல் விட்ட காணொளிகூட ஓடையில் தப்பாமல் வந்துவிடும்.

பலகையே வைக்காத இடங்களும் உண்டு. பல அரசுத் தளங்கள் அப்படித்தான், ஒரு நாள் திடீரென்று பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். முளைத்திருக்கும். அங்கே பக்க மாற்றத்தைக் கவனிக்கும் கருவி வேண்டும். விஷுவல்பிங், டிஸ்டில் போன்றவை குறித்த பக்கத்தை இடைவெளி விட்டுப் பார்த்து, நேற்றைய நிலையோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மின்னஞ்சல் அனுப்பும். கூகுள் அலர்ட்ஸ் இன்னொரு வகை: நீங்கள் கொடுத்த சொல் இணையத்தில் புதிதாக எங்காவது வந்தால் தெரிவிக்கும். குப்பையும் நிறைய அள்ளிவரும், சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் கொஞ்சம் குறையும்.

அப்புறம் சேமிப்புக் கருவிகள். ரெயின்ட்ராப் போன்றவற்றில் ஒரு பக்கத்தைக் குறிச்சொல்லோடு எடுத்து வைக்கலாம், "பிளஸ் டூ", "பெண்கள்", "கடைசி நாள் நெருங்குகிறது" என்று. கடைசியாக வெளியிடும் கருவிகள்: மின்மடல் (சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சலில் போகும் மடல்) சேவைகள், டெலிகிராம், வாட்ஸ்அப் சேனல்கள், பின்டரெஸ்ட் பலகைகள், யூடியூப் பட்டியல்கள். எதில் வெளியிடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வாசகர் ஏற்கெனவே எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் என்றால் மின்மடலைவிட வாட்ஸ்அப் பொருந்தும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கண்டுபிடிக்கும் கருவியையும் வெளியிடும் கருவியையும் நேரடியாக இணைத்து, நடுவில் நீங்கள் இல்லாமல் ஓடவிடுவது. பல கருவிகள் இந்த வசதியைத் தருகின்றன, அதையே பெருமையாக விளம்பரமும் செய்கின்றன. அக்கா வீட்டுக்கு மூன்று தேதிகள் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட பழக்கத்தால்தான். பழைய செய்தியா, புதியதா என்று திறந்து பார்த்த ஒரு ஆள்கூட வழியில் இல்லை.

## அந்த நாலு வரி

தொகுப்பவர் எழுதும் குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மொத்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

என்.எம்.எம்.எஸ். தேர்வையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் குறிப்பு இப்படி இருக்கும்: "மிக முக்கியமான தகவல்! மாணவர்களுக்கு உதவித்தொகை! அனைவருக்கும் பகிரவும்!" இதைப் படித்தவருக்குத் தெரிந்தது என்ன? ஒன்றுமில்லை. தன் பிள்ளைக்குப் பொருந்துமா என்று அறிய அவரே மறுபடி தேட வேண்டும். தொகுப்பவர் வாங்கிக்கொண்டிருக்க வேண்டிய சுமை அப்படியே அவர் தலைக்குப் போய்விட்டது.

இன்னொரு குறிப்பு:

"அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் இப்போது எட்டாம் வகுப்பு படிப்பவர்களுக்கு மட்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், எனவே தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பும் கடைசித் தேதியும் கீழே உள்ள சுட்டியில்."

இதில் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. எல்லாம் அரசு அறிவிப்பில் உள்ளதுதான். ஆனால் பல பக்க அறிவிப்பைப் படித்து, யாருக்கு, எவ்வளவு, எப்படி, எப்போதைக்குள் என்று பிரித்தது தொகுப்பவர். "இந்த வாரமே கேளுங்கள்" என்பது அவருடைய முடிவு. பிள்ளை ஏழாவதில் இருக்கும் வீட்டுக்காரர் முதல் வரியிலேயே விலகிவிடலாம், அவருடைய நேரமும் மிச்சம்.

நல்ல குறிப்புக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: சுட்டியைத் தட்டாமலே இது எனக்கா இல்லையா என்று வாசகர் முடிவு செய்ய முடிய வேண்டும். எல்லாரையும் தட்ட வைக்கும் தலைப்பு, அதாவது பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்கும் தலைப்பு, ஒரு வாரம் வேலை செய்யும். ஏமாந்தவர் மறுபடி வர மாட்டார்.

விட்டவற்றையும் சில நேரம் சொல்ல வேண்டும். "இந்த வாரம் ஒரு தனியார் உதவித்தொகை பற்றிய செய்தி சுற்றுகிறது. பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள், அறக்கட்டளையின் சொந்தத் தளத்தில் அறிவிப்பு இல்லை. அதனால் சேர்க்கவில்லை." இப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள். நூறு நல்ல சுட்டிகள் தராத நம்பிக்கையை அது தரும்.

சுருக்கமாக: செய்தியோடையும் கவனிப்புக் கருவிகளும் புதியவற்றைக் கொண்டுவரும். சேமிப்புக் கருவி வகை பிரித்து வைக்கும். யாருக்கு, ஏன், எப்போதைக்குள் என்ற நாலு வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

## வாசகர் எப்படிச் சேர்கிறார்

ஒருவர் உங்கள் தொகுப்பை முதலில் பார்ப்பது பெரும்பாலும் வேறொருவர் அனுப்பித்தான். அவர் அனுப்புவது உங்கள் சேனலை அல்ல, அதில் உள்ள ஒரே ஒரு குறிப்பை. அதனால் ஒவ்வொரு குறிப்பும் தனியாக நிற்க வேண்டும். தேதி, ஆண்டு, சுட்டி, தொகுத்தவர் பெயர் எல்லாம் அந்த ஒரு குறிப்பிலேயே இருக்க வேண்டும். சேனலின் முகப்பில் எழுதி வைத்தது ஃபார்வர்டோடு போகாது.

அது அவருக்குப் பயன்பட்டால் வந்து சேருவார். இதைச் சந்தா என்கிறோம், பணம் கட்டாவிட்டாலும் கவனத்தைத் தருவதாக ஒப்புக்கொள்வதால் இதுவும் சந்தாதான். அடுத்து வருவதுதான் கடினமான கட்டம். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது முறையும் அவர் திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை என்றால் வெள்ளிக்கிழமை மாலை. ஒரு நாள் பதினைந்து, அப்புறம் மூன்று வாரம் மௌனம் என்று இருந்தால் பழக்கம் உருவாகாது. குறைவாகவும் ஒழுங்காகவும் தருவது நல்லது. சொல்லும்படி எதுவும் கிடைக்காத வாரத்தில் "இந்த வாரம் புதிய அறிவிப்பு இல்லை, ஏற்கெனவே சொன்னதில் இரண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்று எழுதினாலே போதும். எண்ணிக்கையை நிரப்ப எதையாவது சேர்த்தால் கூடையில் சொத்தைக் காய் விழுந்துவிட்டது என்று பொருள்.

தேடுபொறி வழியாக ஆள் வருவார்கள் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். பிறர் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்ட பக்கங்களையும், சாரமில்லாத பக்கங்களையும் கீழே தள்ளுவதற்காகவே கூகுள் 2011இல் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. நகல் பக்கம் தேடலில் மேலே வரும் காலம் அப்போதே முடிந்தது. உங்கள் குறிப்பும் ஒப்பீடும் இருக்கும் பக்கம்தான் நிற்கும்.

எண்களைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். மின்மடலைத் 'திறந்தவர்கள்' என்று ஒரு சதவீதம் காட்டுவார்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை வைத்து, அது எத்தனை முறை இறக்கப்பட்டது என்று எண்ணுவதுதான் அந்தக் கணக்கு. 2021இல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாடு, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அதனால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. எத்தனை பேர் சுட்டியைத் தட்டினார்கள், அதைவிட, எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். "பையன் பாலிடெக்னிக் சேர்ந்துட்டான், அவனுக்கும் ஏதாவது இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், அவர் உங்களைக் கூடைக்காரராக ஏற்றுக்கொண்டுவிட்டார்.

## அடுத்தவர் உழைப்பு

தொகுப்பு என்ற பெயரில் முழுக் கட்டுரையையும் வெட்டி ஒட்டுவது திருட்டு. கீழே "நன்றி: இணையம்" என்று போட்டாலும் அது திருட்டுத்தான். இணையம் எதையும் எழுதுவதில்லை, எழுதியவர் ஒரு மனிதர்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தியைத் தெரிவித்தல் போன்ற காரணங்களுக்காகப் பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. இத்தனை சொல் வரை என்ற கணக்குச் சட்டத்தில் இல்லை. நடைமுறையில் ஒரு கேள்வி உதவும்: நீங்கள் எடுத்த பகுதியைப் படித்த பிறகு மூலத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறதா? போகிறது என்றால் அதிகம் எடுத்துவிட்டீர்கள். 2013இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் மெல்ட்வாட்டர் என்ற செய்திக் கண்காணிப்பு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கிலும் இதுவே மையமாக இருந்தது. மெல்ட்வாட்டரின் நிரல் செய்திகளின் முதல் வரிகளைத் தானாக எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பியது. அது மூலத்துக்கு வழிகாட்டவில்லை, மூலத்துக்கு மாற்றாகவே பயன்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. தீர்ப்பு மெல்ட்வாட்டருக்கு எதிராகப் போனது. அமெரிக்கத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அந்தக் கேள்வி எங்கும் பொருந்தும்.

காணொளி என்றால் இறக்கி மறுபடி ஏற்றாதீர்கள். யூடியூப்பின் பதிக்கும் (எம்பெட்) வசதியைப் பயன்படுத்தினால் பார்வைக் கணக்கு உழைத்தவருக்கே போகும். இன்னொருவரின் தொகுப்பிலிருந்து ஒரு நல்ல சுட்டி கிடைத்தால், எழுதியவர் பெயரோடு அதைக் கண்டெடுத்தவர் பெயரையும் சொல்லுங்கள். பூரிக்கோ பெயரை நாம் இன்னும் சொல்கிறோம் அல்லவா?

## பட்டியல் யார் கையில்

இந்தத் துறையில் கருவிகள் சாகும். இதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. உலகெங்கும் படிப்பவர்கள் நம்பியிருந்த கூகுள் ரீடர் என்ற ஓடைப் படிப்பான் 2005இல் வந்தது, 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது. சமூக ஊடகப் பதிவுகளைத் தொகுத்துக் கதையாக்க உதவிய ஸ்டோரிஃபை 2018 மே மாதம் நின்றது. ட்விட்டர் 2021இல் வாங்கிய ரெவ்யூ என்ற மின்மடல் சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. பிறகு படிக்கலாம் என்று கட்டுரைகளை எடுத்து வைக்க உதவிய, 2007இல் ரீட் இட் லேட்டர் என்ற பெயரில் தொடங்கிய பாக்கெட்டை, ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2017இல் வாங்கி, 2025 ஜூலையில் நிறுத்தியது. இவற்றில் எதுவும் யாரும் சீண்டாத கருவியல்ல.

ஆகவே உங்களிடம் இருக்க வேண்டியவை இரண்டு பட்டியல்கள். ஒன்று, நீங்கள் கவனிக்கும் தளங்களின் பட்டியல். ஓடைப் படிப்பான்கள் இதை ஓ.பி.எம்.எல். என்ற வகைக் கோப்பாக இறக்கித் தரும். அந்தக் கோப்பை வேறொரு படிப்பானில் ஏற்றினால் நாற்பது பலகைகளும் அப்படியே வந்துவிடும். கூகுள் ரீடர் மூடியபோது பலர் ஒரே மாலையில் வேறு இடத்துக்குக் குடிபோனது இதனால்தான்.

மற்றது வாசகர் பட்டியல். மின்மடல் என்றால் முகவரிகளை நீங்களே இறக்கி வைத்துக்கொள்ளலாம், சேவையை மாற்றினாலும் வாசகர் கூடவே வருவார். வாட்ஸ்அப் சேனலில் அது முடியாது, உங்கள் போனில் ஏற்கெனவே சேமித்திருப்பவர்களைத் தவிர, பின்தொடர்பவர்களின் எண்கள் உங்களுக்குத் தெரியாது. அது அவர்களுக்குப் பாதுகாப்பு, அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் சேனல் போனால் வாசகரும் போய்விடுவார் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே சேனல் நடத்துபவர்கள்கூட ஒரு சின்ன மின்மடல் பட்டியலை, விரும்பிச் சேருபவர்களுக்காக, பக்கத்திலேயே வளர்த்து வாருங்கள். விலக நினைப்பவர் ஒரே தட்டில் விலகும்படியும் வையுங்கள்.

## முதல் மாதம்

முதல் வாரம் எதையும் வெளியிட வேண்டாம். வரம்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு படிப்பானில் பதினைந்து இருபது ஓடைகளைச் சேருங்கள், ஓடை இல்லாத அரசுப் பக்கங்களுக்குக் கவனிப்புக் கருவி வையுங்கள். தினமும் இருபது நிமிடம் பார்த்து, எது அடிக்கடி குப்பையாக வருகிறது என்று கண்டு அதை எடுத்துவிடுங்கள். உதவித்தொகை போன்ற விஷயத்தில் முதல்நிலை மூலங்கள், அதாவது அறிவிப்பை வெளியிட்ட துறையின் சொந்தப் பக்கங்கள், பட்டியலில் பாதியாவது இருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் ஐந்து குறிப்புகள் எழுதி, தெரிந்த ஏழெட்டுப் பேருக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரு ஆசிரியர், இரண்டு பெற்றோர், ஒரு கல்லூரி மாணவர் என்று. "எது உங்களுக்குப் பயன்பட்டது, எது புரியவில்லை" என்று நேரில் கேளுங்கள், லைக் கேட்காதீர்கள். என் அனுபவத்தில் ஐந்தில் இரண்டாவது புரியவில்லை என்பார்கள், பெரும்பாலும் தகுதி வரம்பு எழுதிய வரிதான் குழப்பியிருக்கும். அதைத் திருத்தி எழுதப் பழகுவதற்கே இந்த வாரம்.

மூன்றாவது வாரத்திலிருந்து பொதுவில் வெளியிடலாம். நான்காவது வாரம் வரும்போது இன்னொரு வேலை சேரும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் வெளியிட்ட குறிப்புகளில் சிலவற்றுக்குக் கடைசி நாள் முடிந்திருக்கும். அவற்றைத் தேடிப் போய், தலைப்பிலேயே "முடிந்தது" என்று ஆண்டோடு சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஜனவரியில் அந்தக் குறிப்பு யாருடைய போனுக்காவது மறுபடி வந்து சேரும். அதைத் திறக்கும் அம்மாவுக்கு அந்த ஒரு சொல் முதல் வரியிலேயே கண்ணில் பட வேண்டும்.